ஒரே ரத்த மாதிரியில் இரண்டு வைரஸ்: வேலூர், 1964

1964-ல் வேலூரில் காய்ச்சலோடு வந்த ஒருவரிடம் எடுத்த ரத்தத்தில் சிக்குன்குனியா வைரஸும், டெங்குவின் நான்கு வகைகளில் இரண்டாம் வகை வைரஸும் சேர்ந்தே இருந்தன. பத்து நாள் இடைவெளி விட்டு எடுத்த இரண்டு மாதிரிகள் அல்ல. காய்ச்சல் அடிக்கும்போது எடுத்த ஒரே மாதிரி. ரூத் மையர்ஸ், டொனால்ட் கேரி இருவரும் 1967-ல் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதினார்கள். இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் கட்டுரை. கொசு பரப்பும் இரண்டு வைரஸ்கள் ஒருவர் உடம்பில் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் ஆரம்ப கால ஆதாரங்களில் அதுவும் ஒன்று.

இரட்டைத் தொற்று என்று கேள்விப்பட்டதும் 'இரண்டும் சேர்ந்தால் ஆபத்தும் இரண்டு மடங்கு' என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. வேலூர் நிகழ்வைப் படித்தால் எனக்கு வேறொன்றுதான் உறுத்துகிறது. ஒரு வைரஸ் இன்னொன்றை மறைத்துவிடுகிறது. ஆய்வகத்தில், ஊருக்குள் பரவும் காய்ச்சலில், நோயாளியின் படுக்கை அருகில் என்று மூன்று இடத்திலும் இது நடக்கிறது.

ஊரும் காலமும்

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு சொல்வழக்கு உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல்தான் மறுபடி லிங்கத்தை வைத்தார்கள் என்பதால், 1964-ல் மூன்றும் உண்மை. நமக்கு வேண்டியது முதலாவது. பாலாறு காய்ந்து கிடக்கும் ஊரில் தண்ணீர் வருகிறபோது பிடித்து வைத்தால்தான் உண்டு. தொட்டி, அண்டா, குடம், பானை எல்லாம் நிரம்பி வீட்டுக்குள் நிற்கும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அது சாக்கடையைத் தேடுவதில்லை; ஓரளவு தெளிந்த, அசையாத தண்ணீரின் ஓரத்தில் முட்டை வைக்கும். தொட்டி காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, அடுத்த முறை தண்ணீர் ஊற்றும்போது பொரியும்.

இன்னொரு காரணமும் சேர்ந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அப்போதே வைரஸைப் பிரித்தெடுக்கும் ஆய்வகம் இயங்கிக்கொண்டிருந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு நடந்த வேலை அது. புனேயில் இன்று தேசிய வைராலஜி நிறுவனமாக இருக்கும் வைரஸ் ஆராய்ச்சி மையமும் 1952-ல் அதே அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கியதுதான். வேலூர்க் குழுவில் கொசு ஆய்வாளர் ரேச்சல் ரூபனும் இருந்தார். நோயாளியின் ரத்தத்தைப் பார்ப்பவர்களும் வீட்டுத் தொட்டிக் கொசுவைப் பார்ப்பவர்களும் ஒரே குழுவில் இருந்ததால், வேலூரில் பிடித்த கொசுக்களில் டெங்கு ஒன்றாம் வகையும் நான்காம் வகையும் இருப்பதை 1964 தொடக்கத்திலேயே அவர்களால் வெளியிட முடிந்தது. 1966-ல் மூன்றாம் வகை பரவியதைப் பதிவு செய்தார்கள். 1968-ல் டெங்குவின் நான்கு வகைகளையும் ஒரே ஊரில் மனிதர்களிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

ஆக, 1964-ல் சிக்குன்குனியா வந்து இறங்கியபோது வேலூரில் டெங்கு ஏற்கெனவே குடியிருந்தது. சிக்குன்குனியா வைரஸ் முதலில் அடையாளம் காணப்பட்டது 1950-களின் தொடக்கத்தில், அன்றைய டாங்கனிக்காவில் (இன்றைய டான்சானியா). இந்தியாவில் அது 1963-ல் கல்கத்தாவில் வெளிப்பட்டது. கல்கத்தாவிலும் அதே சமயத்தில் டெங்கு இரண்டாம் வகை சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே சென்னை, பாண்டிச்சேரி, வேலூர். இதுவரை பார்க்காத வைரஸ் என்பதால் ஊர் மக்களிடம் எதிர்ப்புச் சக்தி இல்லை. வீட்டுக்கு வீடு படுத்தார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் காய்ச்சலும் மூட்டுவலியுமாக வருகிறவரை எந்த மருத்துவர் இரண்டாவது வைரஸுக்காகச் சோதிப்பார்? வேலூர்க் குழு சோதித்தது. கேரி, மையர்ஸ், ரூபன் உள்ளிட்ட ஐந்து பேர் 1969-ல் வெளியிட்ட விரிவான கட்டுரையின் தலைப்பே 1964 சிக்குன்குனியாவோடு கூடவே இருந்த டெங்குவையும் சேர்த்துத்தான் சொல்கிறது. தேடியதால் கிடைத்தது. அதே ஆண்டு சிக்குன்குனியா பரவிய மற்ற ஊர்களில் எத்தனை டெங்கு அந்த வெள்ளத்தில் மூழ்கிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

எலிக்குட்டியின் மூளையில்

அந்தக் காலத்தில் வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் கிடையாது, ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 கிட் கிடையாது. வைரஸைப் பிடிக்கப் பரவலாகக் கையாண்ட வழி, பிறந்து ஓரிரு நாள் ஆன சுண்டெலிக் குட்டியின் மூளைக்குள் நோயாளியின் ரத்த நீரைச் செலுத்திவிட்டுக் காத்திருப்பது. குட்டி நோய்வாய்ப்பட்டால் அதன் மூளையை எடுத்து அரைத்து அடுத்த குட்டிக்குச் செலுத்துவார்கள். இப்படி வளர்த்தெடுத்த வைரஸைத் தெரிந்த எதிர்சீரங்களோடு (குறிப்பிட்ட வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிரணுக்கள் நிறைந்த ரத்த நீர்) சேர்த்துப் பார்த்து, எந்தச் சீரம் அதை அடக்குகிறது என்பதை வைத்துப் பெயர் சொல்வார்கள்.

இரண்டு வைரஸ் இருக்கும் ரத்தத்தை இந்த முறையில் போட்டால் என்ன ஆகும்? சிக்குன்குனியா வேகமானது. நோயின் முதல் நாட்களில் ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் அதன் மரபுப் பிரதிகள் நூறு கோடி வரைகூடப் போகும். எலிக்குட்டியை அது சில நாட்களிலேயே சாய்த்துவிடும். மனிதரிடமிருந்து நேரே வந்த டெங்கு வைரஸுக்கு எலி மூளை உடனே பழகாது. அறிகுறி தெரியவே நாளாகும். சில சமயம் நாலைந்து குட்டிகள் மாற்றிய பிறகுதான் தெரியும். அதாவது, டெங்கு தலைகாட்டுவதற்குள் குட்டி செத்துப் போயிருக்கும். ஆய்வகக் குறிப்பேட்டில் 'சிக்குன்குனியா' என்று எழுதி மூடிவிடலாம், அதில் பொய்யும் இல்லை.

இதை மீறி இரண்டாவதைக் கண்டுபிடிக்க வைரஸியலாளர்களிடம் ஒரு வழி இருந்தது. மாதிரியோடு சிக்குன்குனியாவுக்கான எதிர்சீரத்தைக் கலந்து அந்த வைரஸை முடக்கிவிட்டு, மிச்சத்தைக் குட்டிக்குச் செலுத்துவது. அப்போதும் குட்டி நோய்வாய்ப்பட்டால் உள்ளே வேறொன்று இருக்கிறது. ஆனால் 'வேறொன்று இருக்கலாம்' என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். பதில் கிடைத்துவிட்ட மாதிரியை மறுபடி கிளறுவதற்கு எந்த ஆய்வகத்திலும் நேரம் இருப்பதில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

இந்த இணைக்கு ஒரு சௌகரியம் உண்டு. சிக்குன்குனியாவும் டெங்குவும் உறவுக்காரர்கள் அல்ல. அன்றைய வகைப்பாட்டில் ஒன்று ஏ பிரிவு, இன்னொன்று பி பிரிவு. இன்று ஆல்ஃபா வைரஸ், ஃப்ளாவி வைரஸ் என்கிறோம். ஒன்றுக்கான எதிரணு மற்றதைப் பிடித்துக் குழப்புவது அபூர்வம். டெங்குவும், ஏடிஸ் கொசுவே பரப்பும் ஜிகா வைரஸும் சேர்ந்த இணையாக இருந்திருந்தால் அந்தக் காலத்துச் சோதனைகளை வைத்துக்கொண்டு திணறிப் போயிருப்பார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், டெங்கு, ஜிகா எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்கான எதிரணு இன்னொன்றின் சோதனையிலும் பாசிட்டிவ் காட்டும்.

இரண்டும் எப்படி உள்ளே வந்தன

வழி இரண்டுதான். ஒரே கொசு இரண்டு வைரஸையும் சுமந்து வந்து ஒரே கடியில் இறக்கியிருக்கலாம். அல்லது வெவ்வேறு கொசுக்கள் சில நாள் இடைவெளியில் கடித்திருக்கலாம். டெங்குவுக்குக் கடித்த நாளிலிருந்து காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் ஆகும், சிக்குன்குனியாவுக்குப் பொதுவாக 3 முதல் 7 நாள். திங்கட்கிழமை டெங்குக் கொசுவும் வியாழக்கிழமை சிக்குன்குனியாக் கொசுவும் கடித்தால்கூட, இரண்டு காய்ச்சலும் ஒரே நாளில் தொடங்க முடியும். ஏடிஸ் பகலில் கடிக்கும், அதிக தூரம் பறக்காது, ஒரு வயிறு ரத்தத்துக்கு நாலு பேரைத் தொந்தரவு செய்யும். ஒரே தெருவில் இரண்டு வைரஸும் இருந்தால் இரண்டாவது வழி சாதாரணமாகவே நடக்கும்.

முதல் வழி வெறும் ஊகமாகத்தான் நெடுநாள் இருந்தது. ஆப்பிரிக்காவின் கபோனில் 2007-ல் சிக்குன்குனியாவும் டெங்கு இரண்டாம் வகையும் ஒன்றாகப் பரவின. வேலூரில் இருந்த அதே இணை. அங்கே பரப்பியது ஏடிஸ் அல்போபிக்டஸ், நம்மூர்த் தோட்டங்களிலும் ரப்பர் காடுகளிலும் இருக்கும் புலிக்கொசு. அங்கே இரட்டைத் தொற்று உள்ள நோயாளிகளோடு, இயற்கையில் பிடித்த கொசுவிலும் இரண்டு வைரஸும் சேர்ந்திருப்பது தெரிந்தது. 2017-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏடிஸ் ஈஜிப்டி கொசுக்களுக்குச் சிக்குன்குனியா, டெங்கு, ஜிகா மூன்றையும் பல விதமாகக் கலந்து ஊட்டிப் பார்த்தார்கள். ஒன்று மற்றதைத் துரத்திவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இரண்டு வைரஸ்கள் ஒரே கொசுவின் உமிழ்நீரில் வந்தன. மூன்றும் சேர்ந்து வருவது அரிது, ஆனால் அதுவும் நடந்தது.

ஏன் ஒன்றையொன்று துரத்தவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் செல்லுக்குள் இருக்கலாம். சிக்குன்குனியா வைரஸ் தன் பிரதிகளைப் பெரும்பாலும் செல்லின் வெளிச்சவ்வை ஒட்டி உருவாக்குகிறது. டெங்கு அதே வேலையை உள்ளே, எண்டோபிளாச வலையின் சவ்வில் செய்கிறது. ஒரே வீட்டில் ஒருவர் திண்ணையிலும் இன்னொருவர் அடுப்படியிலும் வேலை பார்க்கிற மாதிரி.

எத்தனை பேருக்கு?

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். தாய்லாந்தில் 1962 முதல் 1964 வரை நடந்த ஆய்விலேயே இரட்டைத் தொற்றுகள் பதிவாகியுள்ளன. டெல்லியில் 2006-ல் 69 மாதிரிகளைப் பிசிஆர் முறையில் பார்த்ததில் 6 பேருக்கு டெங்குவும் சிக்குன்குனியாவும் சேர்ந்திருந்தன. நிகராகுவாவில் ஜிகா, சிக்குன்குனியா, டெங்கு மூன்றும் ஒரே பருவத்தில் சுற்றியபோது, வைரஸ் உறுதியான 263 பேரில் 71 பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ் இருந்தது. கொலம்பியாவில் ஒரு கர்ப்பிணிக்கு மூன்றுமே இருந்ததாக 2016-ல் எழுதினார்கள்.

நிகராகுவா எண்ணைப் பார்த்தால் நாலில் ஒருவருக்கு மேல். ஆனால் அந்த ஆய்வில் இரட்டைத் தொற்றுள்ளவர்கள் கூடுதலாக ஆஸ்பத்திரியில் சேரவில்லை. வேறு சில இடங்களிலிருந்து ரத்தக்கசிவு, மூளைப் பாதிப்பு என்று கடுமையான நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் வந்திருக்கின்றன. இதில் என் நிலை இது: பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களை மட்டும் சோதித்தால் கடுமையானவர்கள்தான் கிடைப்பார்கள். வீட்டிலேயே கஞ்சி குடித்துத் தேறியவரின் ரத்தத்தை யாரும் பிசிஆருக்கு அனுப்புவதில்லை. ஆகவே 'இரண்டும் சேர்ந்தால் நோய் கடுமையாகும்' என்று பொதுவாகச் சொல்ல இப்போதுள்ள ஆதாரம் போதாது.

இன்னும் பெரிய குழப்பம், தொற்று வந்ததும் முதலில் உருவாகும் எதிரணுவைத் தேடும் ஐஜிஎம் சோதனையில் வருகிறது. நம்மூரில் நோயாளிகள் கொண்டுவரும் 'ரெண்டும் பாசிட்டிவ்' சீட்டுகளில் பெரும்பாலானவை வைரஸைப் பார்த்து எழுதியவை அல்ல, எதிரணுவைப் பார்த்து எழுதியவை. டெங்கு ஐஜிஎம் பொதுவாக நோயின் ஐந்தாம் நாளையொட்டித் தெரியத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் நிற்கும். சிக்குன்குனியா ஐஜிஎம்மும் மாதக்கணக்கில் நிற்கும். ஆனியில் ஒரு காய்ச்சல், ஆவணியில் ஒரு காய்ச்சல் என்று தனித்தனியாக வந்தவருக்கும் ஆவணியில் எடுக்கும் சோதனை இரண்டையும் காட்டும்.

உதாரணமாக, காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் ஒருவருக்கு டெங்கு என்எஸ்1 பாசிட்டிவ், சிக்குன்குனியா ஐஜிஎம்மும் பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். சீட்டைப் பார்த்ததும் இரட்டைத் தொற்று என்று தோன்றும். ஆனால் மூன்றாம் நாளில் ஐஜிஎம் அவ்வளவு சீக்கிரம் உருவாகியிருக்காது. இப்போதைய காய்ச்சல் டெங்கு, அந்த ஐஜிஎம் போன மாசத்து மூட்டுவலியின் மிச்சம் என்பதற்கே வாய்ப்பு அதிகம். "ஆறேழு வாரத்துக்கு முன்னாடி காய்ச்சலோட மூட்டு வலிச்சுதாம்மா?" என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இரட்டைத் தொற்று என்று உறுதியாக எழுத, ஒரே நாள் ரத்தத்தில் இரண்டு வைரஸின் மரபுப்பொருளோ இரண்டு உயிருள்ள வைரஸோ கிடைக்க வேண்டும். அல்லது, இரண்டு வாரம் கழித்து எடுத்த இரண்டாம் மாதிரியில் இரண்டுக்கும் எதிரணு அளவு நன்றாக ஏறியிருக்க வேண்டும். வேலூர்க்காரர்கள் எலிக்குட்டியை வைத்துக்கொண்டு உயிருள்ள இரண்டு வைரஸையும் எடுத்துக் காட்டினார்கள். இன்றைய பல அறிக்கைகள் அந்த அளவுக்குக்கூட வருவதில்லை.

படுக்கை அருகில்

சரி, சோதனை எப்படியோ போகட்டும். நோயாளி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மணிக்கட்டு, கணுக்கால், விரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு நடக்க முடியாமல் இரண்டு பேர் தாங்கி வருகிறார்கள். தெருவில் பத்து வீட்டில் இதே கதை. பார்த்த மாத்திரத்தில் சிக்குன்குனியா என்று சொல்லிவிடலாம், சொல்வது சரியாகவும் இருக்கும். அந்தச் சரியான பதில்தான் பிரச்சினை. பதில் கிடைத்ததும் தேடுவது நின்றுவிடுகிறது. வலி தாங்காமல் கேட்கும் நோயாளிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் ஊசியும், கையோடு நாலு நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் போய்விடுகின்றன.

சிக்குன்குனியா மட்டும் என்றால் இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். கூடவே டெங்கு இருந்தால் கதை வேறு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) வேலையைக் கெடுத்து, இரைப்பையையும் அரிக்கும். டெங்குவில் தட்டணு எண்ணிக்கை ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும். ரத்தக்கசிவுக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்துவிட்டதாகிறது. டெங்கு இல்லை என்று தெரியும்வரை, அல்லது காய்ச்சல் விட்டு 48 மணி நேரம் எச்சரிக்கை அறிகுறி இல்லாமல் கழியும்வரை, வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் என்ற அறிவுரை இதனால்தான். அதுவும் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது; டெங்கு கல்லீரலையும் தொடும்.

அப்புறம், நாள் கணக்கு. டெங்குவில் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளைவிடக் காய்ச்சல் இறங்கும் நாள்தான் மோசமானது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில், காய்ச்சல் விட்ட 24 முதல் 48 மணி நேரத்தில், ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். சிக்குன்குனியா என்று பெயர் வைத்துவிட்ட வீட்டில் இந்த நாள் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, மூட்டுவலி மட்டும் பாக்கி, அது போக வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆள் சோர்ந்து படுத்திருந்தால் வலியினால் என்று விட்டுவிடுவார்கள். வயிற்றுவலி வந்தால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். எச்சரிக்கை அறிகுறிகள் ஒவ்வொன்றுக்கும் சிக்குன்குனியா ஒரு சமாதானத்தைக் கையில் வைத்திருக்கிறது.

எனவே மூட்டுவலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் டெங்குவுக்கான கண்காணிப்பைக் கைவிடக் கூடாது. தினமும் ரத்த எண்ணிக்கை. அதில் தட்டணுவை மட்டும் பார்க்காமல், ரத்தத்தின் செறிவைக் காட்டும் ஹிமாட்டோகிரிட்டையும் பார்ப்பது. அது முன்பிருந்ததைவிட 20 சதவீதம் ஏறினால் நீர் கசிகிறது என்று அர்த்தம். நம் ஊரில் 'பிளேட்லெட் எவ்வளவு?' என்று பெட்டிக்கடைக்காரர்கூடக் கேட்கிறார். ஹிமாட்டோகிரிட்டை யாரும் கேட்பதில்லை. சிக்குன்குனியா மட்டும் என்றால் தட்டணு கொஞ்சம் இறங்குமே தவிர ஒரு லட்சத்துக்குக் கீழே போவது வழக்கமில்லை. போனால், சிக்குன்குனியா உறுதியாகியிருந்தாலும் டெங்குவைத் தேட வேண்டும். என்எஸ்1 நெகட்டிவ் வந்துவிட்டது என்பதும் போதாது. இரண்டாம் முறை டெங்கு வருகிறவர்களுக்குப் பழைய எதிரணுக்கள் என்எஸ்1 புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் சோதனையில் அது தப்பிவிடுவது உண்டு. கடுமையாகும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களும் அவர்களே.

எதிர்த்திசையிலும் மறைப்பு நடக்கிறது, ஆனால் விலை குறைவு. டெங்கு என்று சேர்த்து, தேற்றி, வீட்டுக்கு அனுப்பிய ஒருவர் மூன்று மாதம் கழித்தும் காலையில் விரலை மடக்க முடியாமல் தவிக்கிறார் என்றால், அன்றைக்குக் கூடவே சிக்குன்குனியா இருந்ததா என்று பார்ப்பது நல்லது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் காரணம் தெரியாமல் முடக்குவாத மருந்துகளுக்குள் அவர் தள்ளப்படாமல் இருப்பார். பிரசவ நேரத்தில் இருக்கும் பெண்களுக்கு மட்டும் இந்த விலை அதிகம். தாயின் ரத்தத்தில் சிக்குன்குனியா வைரஸ் ஓடும்போது பிரசவம் நடந்தால் குழந்தைக்குத் தொற்றி, மூளைவரை போகலாம். அங்கே டெங்கு பாசிட்டிவ் என்ற சீட்டோடு நிறுத்திக்கொள்வது தப்பு.

பதிவேட்டில்

நாடு முழுவதும் கண்காணிப்பு மருத்துவமனைகளுக்குப் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஐஜிஎம் எலைசா கிட்டுகள் போகின்றன. டெங்குவுக்கு ஒன்று, சிக்குன்குனியாவுக்கு ஒன்று. ஆண்டுதோறும் வெளியாகும் மாநில வாரிப் பட்டியல்களும் அப்படித்தான் தனித்தனி. இரண்டும் ஒருவருக்கே இருந்தால் அவர் இரண்டு பட்டியலிலும் ஒவ்வொரு எண்ணாக உட்கார்ந்துவிடுவார். ஒரே ஆள் என்பது எங்கும் தெரியாது. உலக அளவில் 2016-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, டெங்குவும் சிக்குன்குனியாவும் பரவியிருக்கும் 98 நாடுகளில் 13-ல் இருந்து மட்டுமே இரட்டைத் தொற்று அறிக்கைகள் வந்திருப்பதைக் காட்டியது. மற்ற 85 நாடுகளின் கொசுக்கள் ஒழுங்காக முறை வைத்துக் கடிக்கின்றன என்று நம்ப முடியவில்லை.

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் ஒரே குழாயில் சோதிக்கும் பிசிஆர் முறைகள் 2016 முதல் பயன்பாட்டில் உள்ளன. எலிக்குட்டி வாரக்கணக்கில் சொன்னதை அவை சில மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் ரத்தத்தில் வைரஸ் இருக்கும் முதல் ஐந்தாறு நாட்களுக்குள் மாதிரி எடுத்திருந்தால்தான் அவற்றால் பயன். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு நாள், பக்கத்து கிளினிக்கில் இரண்டு நாள் என்று கழித்துவிட்டு ஆறாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவரிடம் எடுப்பதற்கு ஐஜிஎம் மட்டும்தான் மிஞ்சுகிறது. முதல் நாள் வருகிற இடத்திலேயே இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து, ரத்த நீரைப் பிரித்து, குளிர் கெடாமல் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு இருந்தால், அடுத்த பருவத்தின் கணக்காவது கொஞ்சம் நம்பும்படியாக இருக்கும்.